மொட்டைக் கடிதமும் முத்திரைகளும்

மொட்டைக் கடிதம் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் நல்ல பெயர் கிடையாது. பொறாமைக்காரன் எழுதுவது, கையெழுத்திடத் துணிவில்லாதவன் எழுதுவது என்பதே பொதுஜன அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தையே கைத்தடியாகக் கொண்டு, அனுப்பினவர் இன்னார் என்று காட்டாத மின்னஞ்சல் தேசத்திலேயே இருக்கக்கூடாது என்று போலீஸ் இலாகாவினர் இப்பொழுது வாதிக்கத் தொடங்கியிருக்கின்றனர். ஒரு ஹைகோர்ட்டும் அவ்வழியில் உத்தரவிட்டிருக்கிறது. இவ்வாதத்தில் நியாயம் ஒரு பங்கு உண்டு. அபாயம் பல பங்கு உண்டு.

வாதம் எங்கிருந்து பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். 2024-ம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் 13 தனியார் பள்ளிக்கூடங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சலில் வந்தது. பெற்றோர்கள் பதறி ஓடினர். குழந்தைகள் வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். சோதனையில் குண்டு எதுவும் அகப்படவில்லை. அஞ்சல் சுவிட்சர்லாந்திலுள்ள புரோட்டான் கம்பெனியின் வழியாக வந்திருந்தது. அனுப்புகிறவரின் கம்ப்யூட்டர் விலாசத்தைக் கடிதத்தில் சேர்க்காமல் அனுப்புவது அக்கம்பெனியின் வழக்கம். போலீஸாருக்குத் துப்புக் கிடைக்கவில்லை. உடனே, அந்தக் கம்பெனியின் அஞ்சலை இந்தியா முழுவதிலும் தடுத்துவிட வேண்டும் என்று தமிழ்நாட்டுப் போலீஸார் வேண்டியதாகவும், தகவல் தொழில் நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் மத்திய சர்க்கார் அதற்கு இசையவிருந்ததாகவும் செய்தி வெளியாயிற்று. சுவிட்சர்லாந்து அதிகாரிகள் தலையிட்ட பின் அத்தடை நிறைவேறவில்லை. 2025-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி கர்நாடக ஹைகோர்ட்டு, பெண் ஊழியர்களை இழிவுபடுத்தி அனுப்பப்பட்ட ஆபாச அஞ்சல்களைப் பற்றிய வேறொரு வழக்கில், அதே கம்பெனியைத் தடுப்பதற்கான நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது.

பள்ளிக் குழந்தைகளை மிரட்டுகிறவனையும் பெண்களை அவமானப்படுத்துகிறவனையும் பிடித்துத் தண்டிக்க வேண்டாமென்று யார் சொல்வார்கள்? பிடிப்பது போலீஸாரின் கடமை. ஆனால் திருடன் கறுப்புத் துணி போர்த்தி வந்தான் என்பதற்காக ஊரில் கறுப்புத் துணி விற்பதையே நிறுத்தச் சொல்வது கடமையைச் செய்வதாகாது. விலாசம் மறைந்திருந்தாலும் ஆளைப் பிடிக்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. பொய்ப் பெயர்களாலும் விலாசத்தை மறைக்கும் சாதனங்களாலும் பல மாகாணங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் அனுப்பியதாகக் குற்றஞ்சாட்டி, சென்னையில் வேலை பார்த்துவந்த பொறியாளர் ஒருவரை 2025-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆமதாபாத் போலீஸார் கைது செய்தனர். அவர்கள் எந்தக் கம்பெனியின் கதவையும் மூடச் சொல்லவில்லை. பொறுமையாகத் துப்புத் துலக்கினர்.

மின்னஞ்சலில் மறைக்கப்படுவது என்ன, ஏன் மறைக்கப்படுகிறது என்பது நம் நேயர்களில் பலருக்குத் தெரியாதிருக்கலாம். நாம் படிக்கும் கடிதத்தின் மேல், சாதாரணமாகக் கண்ணிற்படாத ஒரு நீண்ட தலைப்புக் குறிப்பு இருக்கிறது. கடிதம் ஒரு சர்வரிலிருந்து மற்றொரு சர்வருக்குப் போகும்போது, பெற்றுக்கொள்ளும் ஒவ்வொரு சர்வரும் "இன்ன விலாசத்திலிருந்து இன்ன நேரத்தில் பெற்றேன்" என்று ஒரு முத்திரையைத் தலையில் குத்தி அனுப்புகிறது. கீழிருந்து மேலாகப் படித்தால் கடிதம் வந்த வழி தெரிந்துவிடும். அடியிலுள்ள முத்திரைதான் முக்கியமானது; எழுதினவருடைய கம்ப்யூட்டர் எந்த ஐ.பி. விலாசத்திலிருந்து இன்டர்நெட்டைத் தொட்டது என்பதை அது சொல்லும். இவையன்றி, எழுதினவருடைய கடிகாரம் எந்த நாட்டு நேரத்தைக் காட்டிற்று, எந்த மென்பொருளில் எழுதினார், கடிதத்தின் அடையாள எண் என்ன என்பவையும் அதில் பதிந்திருக்கும்.

தபாலாபீஸ் முத்திரையோடு இதை ஒப்பிடலாகாது. அம்பத்தூர் முத்திரை குத்திய கடிதம் அம்பத்தூரில் போடப்பட்டது என்று மட்டுமே தெரியும். எந்தத் தெரு, எந்த வீடு என்பது தெரியாது. ஐ.பி. விலாசமோ, நேரத்தோடு சேர்த்துக் கொடுத்தால், இன்டர்நெட் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு சந்தாதாரரின் பெயரில் போய் நிற்கும். தொழிற்சாலையின் சொந்த இணைப்பிலிருந்து ஒரு தொழிலாளி எழுதியிருந்தால் அந்தக் கணக்குப் புத்தகமும் வேண்டாம். விலாசத்தைப் பார்த்த மாத்திரத்தில் முதலாளிக்குத் தம் கட்டடம் தெரிந்துவிடும். அன்று அந்த நேரத்தில் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்பதை வருகைப் பதிவேடு சொல்லிவிடும்.

இன்னொரு சங்கதியும் கவனிக்கத்தக்கது. இம்முத்திரைகளை எழுதினவர் தாமே அழித்துவிட முடியாது. கடிதம் அவர் கையை விட்டுப் போன பிறகு மற்றவர்கள் குத்துவது அது. முதலில் பெற்றுக்கொள்ளும் கம்பெனிதான், அனுப்பினவரின் விலாசத்தை எழுதாமல் விட முடியும். இதை இரகசியக் கூட்டத்தாரின் தந்திரம் என்று யாரும் எண்ண வேண்டாம். உலாவியின் வழியாக ஜிமெயிலில் எழுதினாலும் அனுப்புகிறவரின் ஐ.பி. விலாசம் பெறுகிறவருக்குப் போகிற தலைப்பில் சேர்க்கப்படுவதில்லை. கோடிக்கணக்கான சாதாரண ஜனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு அவர்கள் கேளாமலே கிடைத்து வருகிறது. புரோட்டானைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறவர்கள் இதைச் சிந்திப்பதில்லை.

இனி, பெயரை மறைத்து எழுத வேண்டியவர் யார்? சென்னைக்கு மேற்கே ரயிலேறிப் பார்த்தால் விடை கிடைக்கும். 1955-ம் வருஷம் ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சமதர்மப் பாணியில் சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானம் செய்த ஆவடியில் இன்று டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. எஞ்சின் தொழிற்சாலை இருக்கிறது. ராணுவ உடைத் தொழிற்சாலை இருக்கிறது. சர்க்கார் இலாகாவாக இருந்த இவை 2021-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி முதல் சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனிகளின் கீழ் வந்துவிட்டன. அடுத்த ஸ்டேஷன்களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. அங்கே சிறிதும் பெரிதுமாகப் பட்டறைகள். தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுகக் கிடங்குகளும் கம்பெனிகளும். இவ்விடங்களில் எங்கேனும் ஓரிடத்தில், தரமற்ற சாமான் தரமானதென்று கையொப்பமிடப்படுவதை ஒரு மேஸ்திரி பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரஸ் இயந்திரத்தின் காப்புக் கதவு வேகத்திற்காகக் கழற்றி வைக்கப்பட்டிருப்பதை ஒரு ஒப்பந்தத் தொழிலாளி பார்க்கிறார். சம்பளத்தில் பிடித்த பிராவிடண்ட் பண்டுப் பணம் கட்டப்படவில்லை என்பது ஒரு கணக்குப் பிள்ளைக்குத் தெரிகிறது. இவர்கள் யாருக்கு எழுதுவது? கையெழுத்திட்டு எழுதினால் மறுநாள் என்ன நடக்கும்?

என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ரத்த சாட்சியங்கள் உண்டு. தூத்துக்குடி ஜில்லா முறப்பநாட்டில் கிராம நிர்வாக உத்தியோகஸ்தராக இருந்த லூர்து பிரான்சிஸ், மணல் திருட்டைப் பற்றிப் போலீஸில் பிராது கொடுத்தார். 2023-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி அவருடைய ஆபீசிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். புதுக்கோட்டை ஜில்லாத் திருமயம் பக்கத்தில் கல்குவாரி முறைகேடுகளைப் பற்றி அதிகாரிகளுக்கு மனுப் போட்டுவந்த ஜகபர் அலி, 2025-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். இவ்விருவரும் பகிரங்கமாக, சொந்தப் பெயரில், சட்டம் காட்டிய வாசலில் நின்று கேட்டவர்கள். கையெழுத்திடத் துணிவில்லையா என்று கேட்கிறவர்கள் இவ்விரண்டு பெயர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கட்டும்.

பெயரை மறைக்கும்படி வேண்டிக்கொண்டும் மறைக்கப்படாதவர் ஒருவர் உண்டு. தங்க நாற்கரச் சாலை வேலையில் எஞ்சினீயராக இருந்த சத்தியேந்திர துபே, அங்கு நடந்த ஊழலைப் பற்றி 2002-ம் வருஷத்தில் பிரதம மந்திரிக்கு எழுதினார். கடிதம் நம்பத்தக்கது என்பதற்காகத் தம் விவரங்களைத் தனித்தாளில் எழுதி வைத்து, பெயரை இரகசியமாக வைக்கும்படியும் வேண்டினார். கடிதமும் தாளும் சேர்ந்தே இலாகா இலாகாவாகப் போயின. 2003-ம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர்கள் செய்த கொலை என்று சி.பி.ஐ. முடிவு கட்டிற்று, மூவர் தண்டிக்கப்பட்டனர். கொலையின் காரணம் எதுவானாலும், பெயர் வெளியானது ராஜாங்கத்தின் குற்றம் என்பதில் சந்தேகமில்லை. கடிதத்திலிருந்து பெயரைத் தாமே பிரித்துக் கொடுத்திருந்தார் துபே. பிரித்ததைப் பிரித்தபடி வைத்திருக்கக்கூட ஒரு குமாஸ்தா இல்லை!

தேசம் முழுவதும் கொதித்த பிறகு 2004-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி மத்திய சர்க்கார் ஒரு தீர்மானம் செய்தது. மத்திய சர்க்கார் ஊழியர்களையும் மத்திய சர்க்கார் கம்பெனிகளையும் பற்றிய ஊழல் பிராதுகளை, எழுதினவர் பெயரை மறைத்து, மத்திய விஜிலன்ஸ் கமிஷன் பெற்றுக்கொள்ளலாம் என்பது அது. ஆகவே ஆவடித் தொழிற்சாலை ஊழியர் அதைப் பயன்படுத்தலாம். கமிஷன் வகுத்துள்ள முறை மிகவும் புத்திசாலித்தனமானது. பிராதை ஒட்டிய உறையில் போட வேண்டும். உறையின் மேல் அனுப்புகிறவர் பெயரோ விலாசமோ இருக்கக்கூடாது. எழுதினவர் யார் என்று ஊகிக்கக்கூடிய குறிப்பு எதுவும் பிராதின் வாசகத்தில் இல்லாதபடி கவனமாக எழுத வேண்டும். இத்தகைய உறைகளுக்கு அனுப்புகிறவர் விலாசம் கேட்டு வற்புறுத்தலாகாது என்று தபால் இலாகாவும் தன் ஆபீசுகளுக்கு அறிவித்திருக்கிறது. தலைப்புக் குறிப்பை நீக்கி அனுப்புவது என்பது இதுவன்றி வேறென்ன? சர்க்கார் தானே காகிதத்தில் செய்துகொள்ளும் காரியத்தைக் கம்பெனி ஒன்று மின்சாரத்தில் செய்தால் அது தேசத் துரோகமாகிவிடுமா?

வேடிக்கை என்னவென்றால், அதே கமிஷன் இப்பிராதுகளைத் தபாலில் மட்டுமே ஏற்கிறது; மின்னஞ்சலில் ஏற்பதில்லை. 2014-ம் வருஷத்தில் பார்லிமெண்டு செய்த சட்டமோ மின்னஞ்சலையும் அனுமதிக்கிறது; மாகாண சர்க்கார் ஊழியர்களைப் பற்றிய பிராதுகளுக்கும் இடம் தருகிறது; பெயரை வெளியிடுகிற அதிகாரிக்கு மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அச்சட்டத்திற்கு அவ்வருஷம் மே மாதத்தில் ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. கிடைத்து என்ன? அமுலுக்கு வரும் தேதியை சர்க்கார் அறிவிக்கவே இல்லை. அதன் பின் எத்தனையோ சட்டங்கள் ஒரே வாரத்தில் பார்லிமெண்டைக் கடந்து மறு மாதமே அமுலுக்கு வந்திருக்கின்றன.

அம்பத்தூர்ப் பட்டறைத் தொழிலாளிக்கு இத்தீர்மானமும் உதவாது, அச்சட்டமும் உதவாது. அவை சர்க்கார் ஊழியர்களைப் பற்றியவை. ஆனால் அவருக்கும் நம் தேசம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர், பிராது எங்கிருந்து வந்தது என்பதை முற்றிலும் அந்தரங்கமாக வைத்திருக்க வேண்டும். பிராதின் பேரில்தான் சோதனைக்கு வந்தேன் என்பதைக்கூட முதலாளியிடம் சொல்லலாகாது என்பது 1947-ம் வருஷத்து சர்வதேசத் தொழில் ஸ்தாபன ஒப்பந்தத்தின் 15-வது ஷரத்து. அந்த ஒப்பந்தத்தை இந்தியா 1949-ம் வருஷத்திலேயே ஏற்றுக்கொண்டது. பின்னர் நம் பாக்டரிச் சட்டத்திலும் 118-ஏ என்ற பிரிவாக அது எழுதப்பட்டது. 2025 நவம்பரில் அச்சட்டத்தினிடத்தில் புதிய தொழிற் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறலாம். 1949-ல் கொடுத்த வாக்கு மாறவில்லை. இன்ஸ்பெக்டர் வாயை மூடிக்கொண்டிருந்து பயனென்ன, அவருக்கு வந்த மின்னஞ்சல் "தகுந்த நடவடிக்கைக்கு" என்ற ஒரு வரியுடன், அனுப்பினவர் விலாசத்தோடு, ஆபீஸ் ஆபீஸாகத் தள்ளிவிடப்பட்டால்? யார் மேல் பிராதோ அவரிடமே மனு போய்ச் சேரும் விந்தையைப் பொதுக் காரியத்தில் ஈடுபட்ட நம் நேயர்கள் எத்தனை தடவை கண்டிருக்கிறார்கள்!

மறுபக்கத்தாரின் வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. மொட்டைக் கடிதத்தால் நேர்மையான உத்தியோகஸ்தர்கள் துன்புறுத்தப்பட்டிருக்கிறார்கள். பதவி உயர்வுக் காலத்தில் அத்தகைய கடிதங்கள் மழையாகப் பொழிவதும் உண்மை. இதை உத்தேசித்தே 1999-ம் வருஷம் ஜூன் மாதத்தில் விஜிலன்ஸ் கமிஷன், பெயரில்லாப் பிராதுகளின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உத்தரவிட்டது. 2014-ம் வருஷத்துச் சட்டமும் பெயரில்லாப் பிராதை ஏற்பதில்லை. ஆனால் பிராது மெய்யா பொய்யா என்பது கையெழுத்தைப் பொறுத்ததன்று. அதில் சொன்னது ருசுவாகிறதா என்பதைப் பொறுத்தது. "இன்ன இயந்திரத்துக்குக் காப்புக் கதவு இல்லை" என்று ஒருவர் எழுதினால், எழுதினவரைத் தேடுவதை விட இயந்திரத்தைப் போய்ப் பார்ப்பது சுலபம். "இன்னார் அயோக்கியர்" என்று மட்டும் எழுதினால், கையெழுத்திருந்தாலும் அது குப்பைக் கூடைக்குரியதே.

பெயரை ஒவ்வொரு கடிதத்தோடும் கட்டி அனுப்பிவிட வேண்டும் என்ற யோசனைக்குச் சென்னை ஹைகோர்ட்டிலேயே ஒரு சரித்திரம் உண்டு. 2018-ல் அங்குத் தாக்கலான மனுக்கள், சமூக வலைத்தளக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று கேட்டன. விசாரணை வாட்ஸப் பக்கம் திரும்பிற்று. ஒவ்வொரு செய்தியோடும் அதை முதலில் அனுப்பினவரின் அடையாளத்தைச் சேர்த்தனுப்ப முடியும் என்று சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காமகோடி 2019-ல் கோர்ட்டுக்கு யோசனை கூறினார், பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை ஆட்சேபித்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அதற்குள் 2021-ம் வருஷம் பிப்ரவரியில் மத்திய சர்க்கார் விதி செய்து, பெரிய செய்திக் கம்பெனிகள் முதலில் அனுப்பினவரைக் காட்டும்படி செய்ய வேண்டுமென்றது. வாட்ஸப் டில்லி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. குற்றவாளி ஒருவனுக்காக ஊரார் எல்லோருடைய நெற்றியிலும் பச்சை குத்தும் திட்டம் இது. முத்திரையை மிரட்டல்காரன் அடுத்த வாரமே ஏமாற்றக் கற்றுக்கொள்வான். அது தெரியாமல் அகப்பட்டுக்கொள்பவர் அம்பத்தூர்க் கணக்குப் பிள்ளைதான்.

பெயரை அறிகிற வழி எதுவுமே இருக்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. உண்மையில், அப்படி ஒரு பூரண மறைவு எங்கும் சுலபமாகக் கிடைப்பதும் இல்லை. பின்லாந்தில் 1993 முதல் யோகன் ஹெல்சிங்கியஸ் என்பவர், பெயரை நீக்கிக் கடிதத்தை மறு அஞ்சல் செய்யும் சர்வர் ஒன்றை நடத்தினார். யார் எந்தப் புனைபெயர் என்ற பட்டியல் அவரிடம் இருந்தது. 1995-ல் சயன்டாலஜி மதத்தார் பிராதின் பேரில் போலீஸார் வந்து அதிலிருந்து ஒரு பெயரைப் பெற்றுச் சென்றனர். 1996-ல் அவர் கடையை மூடிவிட்டார். புரோட்டானும் 2021-ல் ஸ்விஸ் அதிகாரிகளின் உத்தரவுக்குப் பணிந்து, பிரெஞ்சு இயக்கத்தார் ஒருவரின் ஐ.பி. விலாசத்தைக் கொடுத்தது. ஆக, கடிதத்தின் முகப்பிலிருந்து பெயர் போனாலும், சுமந்து செல்கிறவனின் பெட்டியில் அது இருக்கக்கூடும். சட்டத்தின் சாவி போட்டால் பெட்டி திறக்கும். நம் போலீஸார் செல்ல வேண்டிய வழி இது: இரு நாட்டு சர்க்கார்களின் மூலமாக, காரணம் காட்டி, கேட்பது. அது நாளாகும் வழிதான். நாளாகிறது என்பதற்காகச் சுருக்கு வழி தேடுவது போலீஸ் இலாகாவின் பழைய வியாதி.

நம் நாட்டிலோ பெட்டி ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு மேல் நிறைந்திருக்கிறது. 2022-ம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி சர்ட்-இன் ஸ்தாபனம் இட்ட உத்தரவின்படி, சர்வர் நடத்துகிறவர்கள் 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். விலாசத்தை மறைத்துத் தரும் வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கைக்காரர்களின் பெயர், விலாசம் முதலியவற்றை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் சில தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன. இவ்வளவு கணக்கு எழுதி வைத்த பின்னும் பெயரைக் கடிதத்தின் நெற்றியிலும் எழுது என்பது, துப்புத் துலக்கும் ஆசையாலன்று, பயமுறுத்தும் ஆசையால்.

சரித்திரம் படித்தவர்களுக்கு இதில் ஒரு கசப்பான நகைப்பும் உண்டு. சுதேசிக் காலத்தில் பாரதியார் முதலானோர் புனைபெயர்களில் எழுதினர். வெள்ளைக்கார சர்க்கார் அவற்றின் பின்னால் யார் என்று தேடி அலைந்தது. அதே சர்க்கார், தனக்கு உளவு சொல்கிறவனின் பெயரை மட்டும் பொன்னைப்போல் காத்தது. குற்றத்தைப் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி போலீஸ் உத்தியோகஸ்தரைக் கோர்ட்டு கட்டாயப்படுத்தக்கூடாது என்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 125-வது பிரிவில் எழுதி வைத்தது. 2023-ம் வருஷத்துப் புதிய சாட்சியச் சட்டமும் அதை விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது. போலீஸுக்கு ஜனங்களைப் பற்றிச் சொல்கிறவனுக்குக் கிடைத்த காப்பு, ஜனங்களுக்காக அதிகாரிகளைப் பற்றிச் சொல்கிறவனுக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

ஆகவே நாம் கேட்பது இது. மறைவஞ்சல் கம்பெனிகளைத் தடுக்கும் யோசனையை மத்திய சர்க்கார் கைவிட வேண்டும். தமிழ்நாட்டுப் போலீஸாரும் அத்தகைய வேண்டுகோளை இனி அனுப்பலாகாது. 2014-ம் வருஷத்துச் சட்டத்தை அமுலுக்குக் கொண்டுவந்து, பெயரில்லாப் பிராதில் ருசு இருந்தால் விசாரிக்கலாம் என்று திருத்த வேண்டும். மாகாண சர்க்கார் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. லஞ்ச ஒழிப்பு இலாகாவிலும் தொழிற் பாதுகாப்பு இலாகாவிலும் ஒரு பிராது அஞ்சல் பெட்டி வைத்து, வந்த கடிதத்தின் தலைப்பை முதல் சர்வரிலேயே நீக்கி, ஓர் எண்ணை மட்டும் போட்டு உள்ளே அனுப்ப ஏற்பாடு செய்யலாம். பெயர் தேவைப்பட்டால் ஒரே ஒரு பொறுப்புள்ள அதிகாரியிடம் மட்டும் அது முத்திரையிட்டு இருக்கட்டும். இணைப்பாக வரும் போட்டோவில் எடுத்த இடமும், தஸ்தாவேஜில் எழுதினவர் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றையும் அங்கேயே துடைத்துவிட வேண்டும். பெரிய செலவில்லை, பார்லிமெண்டின் தயவும் வேண்டாம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலுமுள்ள தொழிற் சங்கத்தார் இதை ஒரு மகஜராகவே சர்க்காருக்குக் கொடுக்கலாம். அந்த மகஜரில் கையெழுத்துப் போட யாரும் அஞ்ச வேண்டியதில்லை.